ஆபரேஷனுக்கு முன்னாடி எந்த டெஸ்ட்? கையால பாக்குறதா, ரத்தமா, எக்கோவா

நாய்க்கோ பூனைக்கோ ஆபரேஷன்னு முடிவானதும் டெஸ்ட் லிஸ்ட் ஒண்ணு வரும், எல்லாமே எடுத்துடலாமா இல்ல டாக்டர் தொட்டுப் பாத்தா போதுமான்னு குழப்பமா இருக்கும்.

கையால பாக்குறத லேசா நெனைக்காதீங்க. ஸ்டெத் வெச்சு இதயம் கேக்குறது, ஈறை விரலால அழுத்தி விட்டா வெளுத்த இடம் 2 செகண்டுக்குள்ள திரும்ப சிவக்குதான்னு பாக்குறது, இதுலயே நிறைய தெரிஞ்சிடும். மயக்க மருந்து அளவு எடைய வெச்சுதான், அதனால பழைய எடைய வாயால சொல்லாம அன்னிக்கே எடை போடச் சொல்லுங்க.

ஆனா உள்ள நடக்குறது ரத்தத்துலதான் தெரியும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் பாக்க நல்லா ஓடியாடிட்டு இருக்கும், ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட் மட்டும் இறங்கிக் கிடக்கும், அப்படியே கத்தி வெச்சா ரத்தம் நிக்காது. கிட்னிக்கு கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்துல அளக்குறது) மட்டும் பாத்துட்டு நிம்மதியாயிடாதீங்க, முக்கால்வாசி கிட்னி கெட்ட பிறகுதான் அது ஏறும், வயசான பூனைன்னா யூரின் டெஸ்ட்டும் சேத்தே எடுங்க.

எக்கோன்னா இதயத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல பாக்குறது, அதுக்குத்தான் செலவு ஜாஸ்தி, எல்லாருக்கும் தேவையில்ல. ஸ்டெத்ல இரைச்சல் கேட்டா, சீக்கிரம் மூச்சு வாங்குனா, இல்ல டாபர்மேன் நாய், மெய்ன் கூன் பூனை மாதிரி இதய நோய் வர்ற இனம்னா எடுக்கலாம். பூனைல இதயச் சுவர் தடிக்கிற நோய் இருந்தும் ஸ்டெத்ல ஒண்ணும் கேக்காமப் போறது உண்டு, எக்ஸ்ரேலயும் சில சமயம் நார்மலாத்தான் தெரியும், அங்க எக்கோதான் கை கொடுக்கும்.

என்னைக் கேட்டா சின்ன வயசு, நல்ல ஆரோக்கியம்னா கைப்பரிசோதனையோட சின்ன ரத்த டெஸ்ட், 7 வயசு தாண்டிட்டா முழு ரத்த டெஸ்ட்டும் யூரினும். கையில காசு கம்மின்னா எக்கோவ விட, மயக்கத்துல இருக்கும்போதும் தெளியும்போதும் ஆள் கூடவே இருந்து பாக்குற இடத்துக்குத்தான் நான் செலவு பண்ணுவேன். 2008ல வெளியான பிரிட்டன் ஆய்வுல மயக்க மருந்தோட தொடர்பான இறப்பு நாய்ல 0.17%, பூனைல 0.24%, முயல்ல 1.39%, ஆபரேஷன் முடிஞ்சப்புறம் இறந்ததுல ஏறக்குறைய பாதி முதல் 3 மணி நேரத்துக்குள்ளயே நடந்திருக்கு. அந்த 3 மணி நேரம் யாரு பக்கத்துல இருப்பாங்க, உடம்பு சூடு குறையாம எப்படிப் பாத்துப்பீங்கன்னு தேதி குறிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.