சிறு சரக்கு விமானமா, பிராந்தியப் பயணிகள் ஜெட்டா?

அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனமொன்றை இலக்காகக் கொண்ட இளம் விமானிக்கு, சிறு நகரங்களுக்குப் பொதி கொண்டு செல்லும் செஸ்னா கேரவன் என்ற சிறு விமானமும், சிறு நகரங்களைப் பெரு நகரங்களோடு இணைக்கும் பிராந்திய நிறுவனத்தின் பயணிகள் ஜெட்டும் வெவ்வேறு பயிற்சிக்கூடங்கள். முன்னதில் கருவி வழிப் பறத்தலில் (வெளியே பார்வை தெளிவில்லாதபோதும் கருவிகளை நம்பிப் பறப்பதில்) தலைமை விமானியாக அமர 1,200 மணி நேர அனுபவம் போதும். பின்னதில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். 2009இல் பஃபலோ அருகே நிகழ்ந்த விமான விபத்துக்குப் பின் வந்த சட்டத்தின் விளைவு இந்த 1,500 மணி நேர விதி.

கேரவன் விமானி பெரும்பாலும் தனியாளாகவே பறக்கிறார். விடியுமுன் பெட்டிகளின் எடையைச் சரிபார்த்து, சரக்கு வலையை இறுக்கி, இறக்கையில் உறைபனி படிந்துள்ளதா என்று கையால் தடவிப் பார்த்த பிறகு, புறப்படுவதா வேண்டாமா என்ற முடிவையும் அவரே எடுக்க வேண்டும். இந்தத் துணிவும் நிதானமும் வேறெங்கும் இவ்வளவு விரைவில் கைவராது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கேரவன் ஒற்றை எஞ்சின் விமானம். பெரிய விமான நிறுவனங்களில் பறக்க வேண்டிய, பல எஞ்சின் விமானங்களுக்கான உயர்நிலை உரிமத்துக்குத் தேவையான 50 மணி நேரப் பல எஞ்சின் அனுபவத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். ஜெட்டிலோ இருவர் இணைந்து இயங்கும் ஒழுங்கு அன்றாடம் பழகுகிறது. அங்கு சேரும் 1,000 மணி நேரம் கேப்டன் பதவிக்கான தகுதியாகவும் கணக்கிடப்படுகிறது.

பணிமூப்பு நிறுவனம் மாறும்போது உடன் வருவதில்லை என்பதால், இலக்கை விரைவில் எட்டும் வழியே நல்லது. ஆகவே 1,500 மணி நேரத்தை எட்டாதவருக்குச் சரக்கு வழியையும், எட்டியவருக்கு ஜெட்டையும் பரிந்துரைப்பேன். சரக்கு நிறுவனத்திலேயே நிலைக்க விரும்புபவருக்கு, ஃபெட்எக்ஸுக்காகச் சிறு விமானங்களை இயக்கும் ஒப்பந்த நிறுவனங்களிலிருந்து அதன் பெரிய ஜெட்டுகளுக்கு அழைத்துச் செல்லும் 'பர்ப்பிள் ரன்வே' திட்டமும் உண்டு.