ரோலர் கழுவும் கைச் சுழற்றி: தண்ணீருக்குக் காசு கொடுக்கும் ஊரில்

மண்டபத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள எங்கள் வீட்டுக்கு இந்த ஆண்டு நாங்களே பெயிண்ட் அடித்தோம். அடிப்பதைவிட ரோலரையும் பிரஷ்ஷையும் கழுவுவதுதான் பெரும்பாடாக இருந்தது. நல்ல தண்ணீரைக் குடம் 10 ரூபாய்க்கு வண்டியில் வாங்குகிறோம், வீட்டுக் கிணற்று நீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. எமல்ஷன் (தண்ணீரில் கழுவக்கூடிய சுவர் பெயிண்ட்) ஊறிய 9 அங்குல ரோலர் உறை ஒன்றைக் கையால் பிழிந்து கழுவினால், நீர் தெளிவதற்குள் நான்கு குடம் காலியாகிவிடும். இதற்காகவே இராமநாதபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் 750 ரூபாய் கொடுத்து இந்தச் சுழற்றியை வாங்கினேன்.

சைக்கிள் பம்பைப் போலக் கைப்பிடியை இழுத்து அழுத்தினால், உள்ளிருக்கும் முறுக்குக் கம்பி முனையைப் பம்பரமாகச் சுழற்றுகிறது. முனையில் செருகிய உறையில் தங்கிய பெயிண்டும் நீரும் அந்த வேகத்தில் வெளியே தெறித்துவிடுகின்றன. பிரஷ்ஷின் காம்பைப் பிடிக்கவும் கவ்விகள் உண்டு. உறையிலுள்ள பெயிண்டைப் பட்டி (புட்டி) பூசும் தகட்டால் டப்பாவிலேயே வழித்துவிட்டு, முதல் இரண்டு அலசலைக் கிணற்று நீரிலும் கடைசி அலசலை மட்டும் நல்ல நீரிலுமாகச் செய்ததில், ஒரே குடத்தோடு வேலை முடிந்தது. கடைசி அலசலையும் உப்பு நீரில் செய்யலாமே என்று நினைக்க வேண்டாம். தங்கும் உப்பு ஈரத்தை இழுத்து, பிரஷ்ஷின் தகரப் பட்டியைத் துருப்பிடிக்க வைக்கும். சுழற்றுவதற்கு ஆழமான வாளி அவசியம். முதல் நாள் அகன்ற பேசினில் சுழற்றி, புதிதாக அடித்த சுவரையே புள்ளி புள்ளியாக்கி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கதவுக்கு அடித்த எனாமலுக்கு இது உதவாது. அது எண்ணெய் பெயிண்ட், தண்ணீரில் போகாது, டர்பன்டைனில்தான் கழுவ வேண்டும். தீப்பற்றக்கூடிய டர்பன்டைனைச் சுழற்றித் தெறிக்கவிடுவது ஆபத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றிய படகுகளுக்கு வர்ணம் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டபோது, "பிரஷ்ஷ டர்பன்டைன்ல தொங்க விடுங்க தம்பி, முடி அடியில முட்டுனா வளைஞ்சிரும்" என்றார். இரண்டு நாளில் பெயிண்ட் அடியில் படிந்துவிட, மேலே தெளிந்ததை வடித்து மறுபடியும் பயன்படுத்திக்கொண்டேன்.

உறையைக் கழற்ற முடியாத மலிவு ரோலர்கள் இதில் பொருந்தாது என்பதைக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம். 4 அங்குலச் சிறு ரோலரும் நிற்காமல் நழுவுகிறது. பெரிய குறை கவ்விகள்தான்: சாதாரண இரும்பு என்பதால், நம் கடற்காற்றில் இரண்டே மாதத்தில் செம்மை தட்டிவிட்டன. இப்போது தேங்காய் எண்ணெய் தடவி, பாலித்தீன் பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஒரே ஓர் அறைக்கு அடிப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. முழு வீட்டுக்கும் நிறம் மாற்றி மாற்றி அடிப்பவருக்கு, மிச்சமாகும் தண்ணீர்க் காசிலேயே பாதி விலை திரும்பிவிடும்.