விஷமம் உண்டோ? தனி ஆலோசனையும் குழு ஆலோசனையும்

எங்கள் ஊர் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இந்தப் பக்கம் கள்ளுக்கடை, எல்லை தாண்டினால் டாஸ்மாக். கேரளத்தின் மற்ற மாவட்டக் கடைகளுக்கும் எங்கள் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கள் போகிறது. ஆகவே இங்கே குடிக்கக் கூட்டு தேட வேண்டியதில்லை. குடியை விடுவதற்கு யாரிடம் போவது என்றுதான் இரண்டு வருடம் அலைந்தோம். அக்கா வீட்டுக்காரருக்காக அலைந்ததில் தனி ஆலோசனை, ஆலோசகர் நடத்தும் குழு, குடியை விட நினைப்பவர்கள் தாங்களே கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் என்று மூன்றையும் பார்த்தாயிற்று. நான் தமிழ் மீடியம் ஆசிரியன், அதனால் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடப்பதும் தெரியும். அம்மாவுக்கு மறதி நோய் வந்த பிறகு முதியோர் விஷயமும் கொஞ்சம் பழக்கமானது. நான் ஆலோசகன் இல்லை, காசும் நேரமும் செலவழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் தனி ஆலோசனை. ஒரு தடவைக்கு 800 ரூபாய், 45 நிமிடம், அத்தனையும் மாமாவுக்கே. அவர் சொல்வதை அங்கே மறுத்துப் பேச ஆள் இல்லை. வெட்கப்படும் ஆளுக்கு அது வசதி. மழுப்பும் ஆளுக்கு அதைவிட வசதி. மாமா ஆறு தடவையும் "இப்போ ரொம்பக் குறைச்சுட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆலோசகர் நம்பினாரா, நம்புவது போல இருந்தாரா, தெரியவில்லை. இதையே ஏஏ கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டு, "நானும் இதே கணக்கைத்தான் இருபது வருசம் சொன்னேன் தம்பி" என்றாராம். அந்த ஒரு வரி 4,800 ரூபாய் செய்யாத வேலையைச் செய்தது.

ஏஏ கூட்டத்தையும் குழு ஆலோசனையையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஏஏ என்பது 1935ல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில், குடியோடு போராடிக்கொண்டிருந்த இரண்டு பேர் தொடங்கியது. அங்கே ஆலோசகர் கிடையாது, கட்டணம் கிடையாது, ஒருவர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்கும் வழக்கமும் இல்லை. குழு ஆலோசனையைப் பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் சொன்னதை அவர் இன்னொருவரிடம் திருப்புவார், "இது உங்களுக்கு எப்படிப் படுகிறது?" என்று கேட்பார். அதில்தான் அதன் வேலையே இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிடத்தை எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினோரு நிமிடம். நடத்துபவர் கெட்டிக்காரராக இல்லாவிட்டால் வாயாடிக்கு நாற்பது, கூச்சக்காரருக்குச் சைபர்.

குடிக்கு எது மேல் என்றால், என் கை ஏஏ பக்கம்தான் நீளும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடை போடும் காக்ரேன் அமைப்பு 2020ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், குடியை முழுதாக நிறுத்தி வைப்பதில் ஏஏ வழி மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, சிலவற்றைவிட மேல் என்றே சொன்னது. ஒரு எச்சரிக்கை மட்டும். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சிலருக்குக் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் இந்த ஒப்பீடெல்லாம்.

குடிப்பவரின் வீட்டாருக்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழுதான். அல்-அனான் என்ற குடும்பத்தார் கூட்டம் 1951லேயே தனி அமைப்பாக வந்ததற்குக் காரணம் இருக்கிறது. வேலூர் சிஎம்சி மனநலப் பிரிவில் நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைக்கும் வழக்கமும் பல பத்தாண்டுகளாக உண்டு. அக்கா தனி ஆலோசகரிடம் போனபோது ஒவ்வொரு தடவையும் மாமாவின் குற்றப் பட்டியலோடு போய், அதை ஒப்பித்துவிட்டு வந்தாள். குழுவில் அதே பட்டியலை ஏழு பேர் வைத்திருந்தார்கள். "அவரைத் திருத்த வழி கேக்கத்தான் போனேன் கண்ணு. அங்க போன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துச்சு" என்றாள். மாமா அன்றும் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஆனால் அக்கா அந்தக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய கதை. முதலில் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு குழு இருந்தது. உள்ளே நுழைந்ததும் பால் சொசைட்டியில் தினமும் பார்க்கும் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, திரும்பிவிட்டாள். இன்னொரு குழுவில் தோப்புக்காரரும் அவர் தோப்பிலேயே மரம் ஏறுபவரும் ஒரே வட்டத்தில் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். மரம் ஏறுபவர் என்ன பேசியிருப்பார்? குடும்பம் சௌக்கியம் என்றுதான். எட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டுவிட்டால் எட்டுப் பேரும் சமமாகிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணப் பந்தியைப் பார்க்க வேண்டும்.

2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் பொறுப்பைச் சிகிச்சை தருபவர் மேல் வைக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரைக் கட்டுவது அவர் கொடுத்த வாக்கு மட்டும்தான். தனி ஆலோசனை இந்த இடத்தில் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும் மூன்றாவது வழி ஒன்று உண்டு: பஸ் ஏறி அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவது. அக்கா இப்போது பொள்ளாச்சிக்குத்தான் போகிறாள். அங்கே அவள் யார் மருமகள் என்று கேட்க ஆள் இல்லை.

சரி, பொள்ளாச்சியில் இன்னொரு லாபமும் கிடைத்தது. மொழி. தனி ஆலோசனையில் மொழிப் பிரச்சினையைச் சமாளித்துவிடலாம். அவர் மலையாளத்தில் கேட்பார், நாம் தமிழில் சொல்லுவோம், நடுவில் நிறுத்தி விளக்கலாம். குழுவில் அது நடக்காது. ஏழு பேர் ஒரு மொழியில் சிரித்து முடித்த பிறகு எட்டாவது ஆள் அர்த்தம் கேட்க முடியுமா? கடைக்கும் ஆபீசுக்கும் எங்களுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அழுகை வரும்போது தமிழ்தான் வருகிறது. பள்ளியில் ஒரு தடவை, வெளியிலிருந்து வந்த கவுன்சிலர் டீச்சர் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பையனிடம் அன்பாகத்தான் கேட்டார்: "மோனே, விஷமம் உண்டோ?" மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். பையன் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்தவன். "நான் ஒண்ணும் பண்ணல மிஸ்" என்று எழுந்து நின்றுவிட்டான். வகுப்பு சிரித்தது. அதோடு அவனுக்கு அந்தக் குழு முடிந்தது.

வளரும் பிள்ளைகள் விஷயத்தில் நான் குழுவைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்க்கிறேன். பரீட்சை பயம், கூச்சம், புதிய பள்ளி போன்றவற்றுக்குக் குழு அருமையாக வேலை செய்கிறது. 'எனக்கு மட்டும் இல்லையா?' என்பதே பாதி மருந்து. ஆனால் சேட்டை செய்யும் பையன்களை மட்டும் பொறுக்கி ஒரே அறையில் உட்கார வைப்பதை நிர்வாகங்கள் சுலபமான வழி என்று நினைக்கின்றன. அமெரிக்காவில் தாமஸ் டிஷியனும் கூட்டாளிகளும் 1999ல் எழுதிய கட்டுரை இதைத்தான் எச்சரித்தது: அப்படிப்பட்ட குழுக்களில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கைதட்டிக் கெட்ட பழக்கத்தை வளர்த்துவிடக்கூடும். புகையிலைப் பொட்டலம் வைத்திருந்த ஆறு பேரை ஒன்றாக உட்கார வைத்தால், எந்தக் கடையில் தருகிறார்கள் என்பதுதான் முதலில் பரிமாறப்படும். வீட்டுக்குள் யாரோ தொடுகிறார்கள் என்பது போன்ற விஷயத்துக்கோ குழு கூடவே கூடாது. அது தனி அறை, கதவு, நம்பகமான ஒரு ஆள். அதைக் கேட்டவர் போக்சோ சட்டப்படி புகார் தந்தே ஆகவேண்டும் என்பதைப் பிள்ளைக்குப் பக்குவமாகச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

மனச்சோர்வுக்கு, அதுவும் தனி ஆலோசகர் கிடைக்காத கிராமங்களில், குழு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உகாண்டாவில் நடந்து 2003ல் வெளியான ஆய்வு எனக்குப் பிடித்த உதாரணம். உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, வாரம் 90 நிமிடம், 16 வாரம் நடத்தினார்கள். நல்ல பலன் கிடைத்தது. கவனிக்க வேண்டியது, ஆண்களுக்குத் தனிக் குழு, பெண்களுக்குத் தனிக் குழு. கேரளத்துப் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) ஏற்கெனவே தெருவுக்குத் தெரு இருப்பதால் அதையே ஆலோசனைக்கும் பயன்படுத்தலாமே என்பார்கள். கடன் தவணை கட்டும் இடத்தில் கண்ணீரையும் வைத்தால் இரண்டும் குழம்பும் என்பது என் எண்ணம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "தவணை கட்ட முடியாததுதானே பாதி அழுகை" என்கிறாள்.

முதியோர். மறதி நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு வாரம் இரண்டு தடவை, மொத்தம் 14 அமர்வு என்று ஒரு குழுமுறை இருக்கிறது. பாட்டு, பழைய பொருட்கள், சாப்பாட்டுப் பேச்சு என்று போகும். சென்னையில் அதைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் கிடைத்தது முதியோர் பகலில் தங்கும் பகல் வீடு, அங்கே எல்லாம் மலையாளம். பிற்காலத்தில் கற்றதுதான் அம்மாவுக்கு முதலில் மறந்துபோய்க்கொண்டிருக்கிறது, அதாவது மலையாளம். அதனால் அம்மாவுக்குக் குழு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அவளைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவிக்குத்தான் குழு தேவைப்படுகிறது. அதற்கு வெளியே போனால் அந்த இரண்டு மணி நேரம் அம்மாவை யார் பார்ப்பது என்பது எந்த ஆலோசகரும் கேட்காத கேள்வி. இப்போதைக்கு மனைவி, அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸுக்குப் போன் போட்டுப் பேசுகிறாள். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலும் பேசலாம். அம்மா தூங்கிய பிறகு, பின்வாசல் படியில் உட்கார்ந்து.

அக்கா சனிக்கிழமை காலை பஸ்ஸில் பொள்ளாச்சி போகிறாள். கேட்பவர்களிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் திரும்பும்போது மறக்காமல் ஒரு பை தக்காளி வாங்கி வருகிறாள்.