ஜாக்கி வைத்த நாலு இடம்: பழைய காரோடு 12 வருஷம்

மைத்துனன் பள்ளத்தூரில் ஒரு பழைய காரைப் பார்த்து வைத்திருக்கிறான். 2008 மாடல். ஓனர் சென்னையில். பூட்டியே கிடக்கிற பெரிய வீடு, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் வெளியே வந்த வண்டி. "பளபளன்னு இருக்கு மச்சான்" என்றான். "கீழே படுத்துப் பார்த்தியா?" என்று கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2007 வண்டி, 2013-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்ஜினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சித்திரை வெயிலிலும் ஏசி குளிர்கிறது. கிளட்ச் ஒரே ஒரு தடவை மாற்றினேன். அதெல்லாம் கிடக்கட்டும். எனக்குப் பேச வேண்டியது கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டின் அடி விளிம்பைப் பற்றி மட்டும்தான்.

போன மாதம் திருப்பத்தூர் போகும் வழியில் பஞ்சர். கடைப் பையன் ட்ராலி ஜாக்கியை உருட்டி வந்து, இடது பின் சக்கரத்துக்கு முன்னால் தள்ளி, கைப்பிடியை அடித்தான். ஜாக்கி எழும்பியது, வண்டி எழும்பவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கியின் தலை நாலு விரல் ஆழத்துக்கு உள்ளே போயிருந்தது. "நான் ஒண்ணும் பண்ணலை சார்" என்றான் பையன். உண்மைதான். அவனுக்கு முன்னால் பத்துப் பேர் பண்ணி முடித்திருந்தார்கள்.

காரைக்குடியில் டிங்கர் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பிறகு பொத். அந்த இடத்தில், துரு ஏறாமல் இருக்க வண்டியின் அடியில் அடித்திருந்த கறுப்புக் கோட்டிங்கை நகத்தால் நெம்பினார். தேய்ந்த செருப்பின் அடி மாதிரி ஒரு முழத்துக்கு உரிந்து வந்தது. அதன் உள்பக்கத்தில் பொடியாக ஒட்டியிருந்தது என் காரின் தகடு.

"இத்தனை நாளா பாக்கலையா சார்?"

பார்த்தேன் அண்ணே. ஆனால் நம்ம ஊரில் எதைப் பார்ப்பது? அடியெல்லாம் செம்மண். செம்மண்ணுக்கு அந்த நிறத்தைக் கொடுப்பதே இரும்பு ஆக்சைடுதான், துருவும் அதே இனம். ஆத்தங்குடி டைல்ஸில் சிவப்புக்குப் போடுகிற பொடியும் அதே இனம். மண் எது, துரு எது என்று வாட்டர் சர்வீஸ்காரருக்கே தெரியாது. 2022-ல் 15 வருஷம் முடிந்து எஃப்.சி. காட்டியபோதும் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் பழியை ராமேஸ்வரத்தின் மேல் போட்டேன். ஆடி அமாவாசை, தை அமாவாசை தவறாமல் போய்வருகிற வண்டி. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் துரு சீக்கிரம் ஏறும் என்பதெல்லாம் சரி. ஆனால் உப்புதான் காரணம் என்றால் அடி முழுக்க அல்லவா அரித்திருக்க வேண்டும்? அண்ணன் காட்டியது நாலே இடம். நாலும் ஜாக்கி வைக்கிற இடம்.

இந்த மாதிரி கார்களுக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பும். ரன்னிங் போர்டின் அடியில் இரண்டு மூன்று தகடுகளைச் சேர்த்துப் புள்ளி வெல்டிங் வைத்த ஒரு மெல்லிய மடிப்பு தொங்கும். பெரும்பாலும் ஒரு தகடு ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. வண்டியோடு வருகிற ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அது அந்த மடிப்பு உட்காருவதற்கு. பஞ்சர் கடை ட்ராலி ஜாக்கிக்கோ தலை தட்டை. மடிப்பின் மேல் மொத்த எடையும் விழ, அது வாழைமட்டை மாதிரி சாயும். சாயும்போது பெயின்டும் இடுக்கை அடைத்த பசையும் வெடிக்கும். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடும். பிறகு வெயில் காய்ந்தாலும் உள்ளே காயாது.

2016-ல் கோட்டிங் அடிக்கக் கொடுத்தபோதே மடிப்பு சாய்ந்துதான் இருந்திருக்கும். கடைக்காரர் கழுவி, முழுசாகக் காயவிடாமல், துருவின் மேலேயே அடித்துவிட்டார். அதைவிடக் கொடுமை, ரன்னிங் போர்டுக்குள் இறங்குகிற தண்ணீர் வெளியேற அடியில் விட்டிருந்த ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார். வீட்டு வேப்பமரம் தன் பங்குக்கு முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வடிகாலை இலையால் அடைத்தது. அந்தத் தண்ணீரும் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக உள்ளே இறங்கி அங்கேயே குடியிருந்தது. கோட்டிங்குக்குக் கொடுத்தது 4,500 ரூபாய். அது மூடி வைத்ததை வெட்டி எடுக்க 14,000.

கோபம் இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவுகளில், சுத்தமான தகட்டில் அடித்த அதே கோட்டிங் இன்றைக்கும் குண்டுக்கல் மாதிரி இருக்கிறது. ஜல்லி தெறிக்கிற சத்தமும் குறைந்தது. வளைவுக்கு மட்டும் என்றால் மறுபடியும் அதே கடைக்குப் போவேன். ரன்னிங் போர்டுப் பக்கம் அவரை விடமாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-ல் திறந்த சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் காரைக்குடி. உலோகம் அரிப்பதை அங்கே ஒரு படிப்பாகவே படிக்கிறார்கள். மண்டபத்தில் கடற்காற்றில் சோதிக்க அவர்களுக்குத் தனி நிலையம். அந்த வாசல் வழியாகத்தான் நான் தினமும் துருவை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அண்ணன் கேஸ் வெல்டிங் வேண்டாம், தகடு நெளிந்துவிடும் என்று சி.ஓ.டூ வெல்டிங்கே வைத்தார். பேட்டரி வயரைக் கழற்றி, உள்ளே கார்ப்பெட்டைச் சுருட்டி, நல்ல தகடு வருகிறவரை வெட்டினார். "பட்டி பாத்து மூடிரலாமா?" என்று கேட்ட என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் ஓட்டை வழியாக உள்ளே மெழுகு அடித்தார். ஓட்டைகளைக் குத்தித் திறந்தே விட்டார்.

நான் செய்த ஒரே நல்ல காரியம், முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பர்மா தேக்குச் சட்டத் துண்டு வாங்கியது. நடுவே ரம்பத்தால் பள்ளம் அறுத்து, டியூப் ரப்பர் ஒட்டி, டிக்கியில் போட்டிருக்கிறேன். இப்போது எந்தக் கடையானாலும் நானே கட்டையை ஜாக்கித் தலையில் வைத்து, மடிப்பில் ஜாக்கிக்கென்று இரண்டு வெட்டுக்குறி இருக்கிற இடமாகப் பார்த்துக் கொடுக்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள். ஒருத்தன் "வீட்டுத் தூணை அறுத்துட்டு வந்துட்டீங்களா சார்?" என்றான்.

இந்த வயசு வண்டியை வாங்காதே என்று மைத்துனனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். என் வண்டியை ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. ஞாயிறு காலை பள்ளத்தூர் போகிறோம். பழைய பாய், டார்ச், ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வைத்தாயிற்று. வாட்ச்மேன் என்ன நினைப்பாரோ.