செவர்லே கமாரோ: எஞ்சினைவிடப் பின் ஆக்சிலை முதலில் பாருங்கள்

கமாரோ என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். 350 கன அங்குலமா, 396-ஆ, பிற்காலத்து எல்எஸ்1 எஞ்சினா? இந்தக் கேள்வியில் பெரிய ஆபத்து இல்லை. 1967 மாடலில் தொடங்கி 2024 மாடலோடு நின்றுபோன ஆறு தலைமுறைகளிலும் செவர்லே நல்ல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைத்தான் போட்டது; எழுபதுகளின் நடுவில் வந்தவை மட்டும் சோர்ந்தவை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எஞ்சின் தரும் டார்க்கைப் பின் சக்கரம் வரை கொண்டுபோகும் கியர்பாக்ஸ், கிரௌன் (பின் ஆக்சிலுக்குள் உள்ள பெரிய பல்சக்கரம்), பின் சஸ்பென்ஷன் ஆகியவை பல தலைமுறைகளில் எஞ்சினுக்கு ஈடுகொடுக்கவில்லை. எந்த வருட கமாரோவில் எது முதலில் உடையும் என்று தெரிந்துவிட்டால், எதை வாங்கலாம், எதை எவ்வளவு பேரம் பேசலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதல் தலைமுறை 1966 செப்டம்பர் இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஃபோர்டு மஸ்டாங்குக்குப் பதிலடி என்பதால் அவசரமும் சிக்கனமும் சேர்ந்தே இருந்தன. அதன் விளைவு பின்பக்கத்தில் தெரிந்தது: 1967 கார்களுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை கொண்ட லீஃப் ஸ்பிரிங். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், பின் ஆக்சிலின் நடுவில் கிரௌனைத் தாங்கும் டிஃபரன்ஷியல் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். ஒற்றைப் பட்டை அந்த விசையில் எஸ் வடிவத்தில் முறுக்கிக்கொள்ளும், டயர் பிடி விட்டதும் விடுபடும், உடனே மறுபடியும் முறுக்கும். சக்கரம் தரையில் தடதடவென்று குதிக்கும். சக்தி கூடிய மாடல்களில் வலதுபக்கம் ஒரு தாங்குகம்பி கொடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை. 1968-இல்தான் சரியான வைத்தியம் வந்தது. ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்து, பெரிய எஞ்சின் கார்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள். 1967-ஐ வாங்குபவர்கள் ஒற்றைப் பட்டையைக் கழற்றிவிட்டுப் பல பட்டை செட் போடுவது வழக்கம். காட்சிக்கு வைக்கும் காராக இல்லாவிட்டால் அதைச் செய்துவிடுவதே நல்லது.

அடுத்து, காருக்குப் பின்னால் குனிந்து டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டுகளை எண்ணுங்கள். 12 இருந்தால் உள்ளே 8.875 அங்குல கிரௌன் வீல். 10 இருந்தால் 8.2 அங்குலம். 396 எஞ்சினும், எஸ்எஸ் என்ற சக்தி கூடிய மாடலின் பட்டையும் போட்டு, அடியில் 10 போல்ட் ஆக்சில் தொங்கினால், அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து அப்படி வெளிவரவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

போலி என்பது இந்தத் தலைமுறையின் உண்மையான நோய். 1972-க்கு முன் வந்த கமாரோக்களின் ‘வின்’ அடையாள எண்ணில் எஸ்எஸ், பந்தயத்துக்காகப் பிறந்த இசட்/28 என்ற மாடல் விவரமே கிடையாது. மூன்றாவது இலக்கம் 4 என்றால் வி8, 3 என்றால் ஆறு சிலிண்டர், அவ்வளவுதான். ஆகவே 123 என்று தொடங்கும் எண்ணுடன் ‘அசல் எஸ்எஸ்’ என்று ஒரு கார் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். 124 என்று தொடங்குவதால் மட்டும் அசல் ஆகிவிடாது. 1969-இல் 20,302 இசட்/28 கார்கள் தயாராயின. அவற்றின் 302 எஞ்சினில் வலதுபக்க ஹெட்டுக்கு முன்னால் உள்ள திண்டில் ‘டிஇசட்’ என்ற குறியீடும், பிளாக்கில் காரின் அடையாள எண்ணின் பகுதியும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பிளாக்கின் வார்ப்பு எண்ணை மட்டும் காட்டி நம்பவைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 3970010 என்ற அந்த எண் சாதாரண 350 எஞ்சின்களிலும் இருக்கிறது, அதனால் அது சாட்சி ஆகாது. வெறும் தகட்டை மட்டும் நம்பாமல், காரின் அடையாள எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்தத் தலைமுறைக்கு முழு பாடியையே புதிதாக அடித்து விற்கிறார்கள் என்பதால், பளபளப்பு எதையும் நிரூபிக்காது.

அந்த 302-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் டிரான்ஸ்-ஆம் கார் பந்தயத்தில் எஞ்சினுக்கு 305 கன அங்குலம் உச்சவரம்பு. 327-இன் 4 அங்குலத் துளையையும் 283-இன் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் சேர்த்துப் பிறந்ததுதான் இந்த எஞ்சின். 1968, 1969 இரண்டு வருடமும் மார்க் டோனஹ்யூ பென்ஸ்கி அணியின் கமாரோவில் பட்டம் வென்றார். 290 எச்.பி. என்று எழுதியிருந்தார்கள், உயர் சுற்றில் அதற்குமேல் தரும். ஆனால் 4,000 சுற்றுக்குக் கீழே மந்தம், 11:1 கம்ப்ரஷன் என்பதால் உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயம். டேப்பட்டுகள் ஹைட்ராலிக் அல்ல. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.030 அங்குல இடைவெளி வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். நகருக்குள் ஓட்ட இது வேண்டாம், 350-ஐ எடுங்கள். 1969-இல் 427 கன அங்குல அலுமினிய எஞ்சினோடு வந்த இசட்எல்1 மொத்தமே 69 கார்கள். எஞ்சினுக்கு மட்டும் 4,160 டாலர் கூடுதல். 1967-இல் ஒரு முழு கமாரோவின் அடிப்படை விலையே 2,466 டாலர்.

துரு பார்க்க வேண்டிய முதல் இடம் வைப்பருக்குக் கீழே உள்ள கௌல் பகுதி. இலையும் மண்ணும் அடைத்து, ஈரம் தங்கி, உள்ளிருந்து அரிக்கும். ஒரு குடம் தண்ணீரை அந்தக் கிரில் வழியாக ஊற்றுங்கள். முன் மட்கார்டுகளின் பின்முனைக்குக் கீழே வடிந்தால் சரி. உள்ளே கால்வைக்கும் இடத்தில் சொட்டினால் டாஷ்போர்டைக் கழற்றும் வேலை காத்திருக்கிறது. வினைல் கூரை போட்ட கார்களில் பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள தகரமும் அதன் வழியே டிக்கித் தரையும் போயிருக்கும். பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

இரண்டாவது தலைமுறை 1970 பிப்ரவரி 26-ஆம் தேதி அறிமுகமாகி 1981 வரை ஓடியது. ஓட்டுவதற்கு முதல் தலைமுறையைவிட எல்லா விதத்திலும் மேலானது: முன்னால் டிஸ்க் பிரேக், முன் அச்சுக்கு முன்னால் நகர்த்தப்பட்ட ஸ்டீயரிங் பாக்ஸ், உறுதியான 8.5 அங்குல கிரௌன். கமாரோ வரலாற்றில் பின்பக்கம் எஞ்சினை முந்தியது இங்கேதான். வருத்தம் என்னவென்றால், அதற்குள் எஞ்சின் இளைத்துவிட்டது.

எவ்வளவு இளைத்தது என்பதில் குழப்பம் அதிகம், ஏனென்றால் அளக்கும் முறையே நடுவில் மாறியது. பழைய கணக்கு, எஞ்சினை ஸ்டாண்டில் வைத்து, ஏர் கிளீனர், காரின் சைலன்சர், துணைக்கருவிகள் எதுவும் இல்லாமல் அளந்தது. 1972 முதல் எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண்ணை மட்டுமே அச்சிட்டார்கள். 1970-இன் எல்டி-1 350 எஞ்சினுக்கு 360 எச்.பி., 1972-க்கு 255 என்று படித்தால் 105 குதிரைகள் ஓடிப்போனதாகத் தோன்றும். 1971-இல் அதே எஞ்சினுக்கு இரண்டு எண்களும் கிடைக்கின்றன: பழைய கணக்கில் 330, புதிய கணக்கில் 275. அப்படியானால் உண்மையான இழப்பின் முதல் படி 1971-இல் கம்ப்ரஷனைக் குறைத்தது. 330-க்கும் 255-க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி அளவுகோல் மாறியதால் வந்தது. மெய்யான சரிவு 1975-இல்: கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது, இசட்28 நிறுத்தப்பட்டது, கிடைத்த பெரிய வி8-க்கு 155 எச்.பி.

1972-இல் ஒஹையோவின் நார்வுட் ஆலையில் 174 நாள் வேலைநிறுத்தம். பாதி தயாரான சுமார் 1,100 கார்கள் அடுத்த வருட பம்பர் விதிக்குப் பொருந்தாமல் உடைக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் கமாரோவையே மூடிவிடும் பேச்சு எழுந்தது. ஆனால் 1979-இல் 2,82,571 கார்கள் விற்று, எந்தத் தலைமுறையும் தொடாத உச்சத்தைத் தொட்டதும் இதே உருவம்தான்.

இரண்டாவது தலைமுறையில் 1970 முதல் 1973 வரையிலான பிளந்த பம்பர் கொண்ட ஆர்எஸ் மாடல் அழகானது, விலையும் அப்படியே. பணம் குறைவென்றால் 1974-க்குப் பின் வந்த, தகரம் நன்றாக உள்ள ஒன்றை எடுத்து, நல்ல 350 ஒன்றை இறக்கிவிடுங்கள். எஞ்சின் மவுண்ட் முதல் கிரௌன் வரை எதையும் மாற்ற வேண்டாம். கதவுகள் நீளமும் கனமும் அதிகம் என்பதால் கீல் பின்கள் தேயும்: கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள், ஆட்டம் தெரிந்தால் பின், புஷ் மாற்ற வேண்டும். 1978 முதல் வந்த, டி-டாப் கூரை (கழற்றக்கூடிய கண்ணாடிப் பலகைகள்) உள்ள கார் என்றால் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பாருங்கள்.

மூன்றாவது தலைமுறை, 1982 முதல் 1992 வரை. லீஃப் ஸ்பிரிங் போய்க் காயில் ஸ்பிரிங் வந்தது. டிஃபரன்ஷியல் மூக்கைத் தூக்காமலிருக்க, அதிலிருந்து கியர்பாக்ஸின் வால்பகுதிவரை நீண்ட டார்க் ஆர்ம் வந்தது. வளைவில் கமாரோ நம்பிக்கையாகத் திரும்பத் தொடங்கியது இந்த அமைப்பால். ஆனால் 1982-இன் அடிப்படை எஞ்சின் 90 எச்.பி. தரும் நான்கு சிலிண்டர், அதைத் தவிருங்கள். எடுக்க வேண்டியது 1985-இல் வந்த ஐராக்-இசட் மாடல். 305 எஞ்சினில் டியூன்டு போர்ட் இன்ஜெக்ஷன், 215 எச்.பி. 1987-இல் 350 எஞ்சினும் கிடைத்தது, ஆட்டோமேட்டிக்கோடு மட்டும். டி-5 மேனுவல் கியர்பாக்ஸ் அந்த டார்க்கைத் தாங்காது என்பதே காரணம். 305 மேனுவலிலும் மூன்றாவது கியரில் போட்டுப் பாருங்கள், முனகல் இருந்தால் விலையைக் குறையுங்கள். சில கார்களில் ஆஸ்திரேலியாவில் தயாரான 9 போல்ட் பின் ஆக்சில் இருக்கும். பலம் உண்டு, உதிரிபாகம்தான் கிடைப்பதில்லை.

நான்காவது தலைமுறையில் இரண்டு வேறு கார்கள் ஒரே உருவத்தில் இருக்கின்றன. 1993 முதல் 1997 வரை எல்டி1 எஞ்சின் (1970-இன் எல்டி-1 அல்ல), 275 எச்.பி.யில் தொடங்கியது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் ஆப்டிஸ்பார்க் டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சினின் முன்முகத்தில், வாட்டர் பம்புக்கு அடியில் வைத்தார்கள். பம்ப் ஒழுகினால் கூலண்ட் நேராக அதன்மேல் சொட்டும். பிறகு ஈரமான நாளில் மிஸ்ஃபயர், அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது. பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையில் காய்ந்த கூலண்ட் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது அதே வேலையை இரண்டுமுறை செய்வது. கிராங்க் முனையிலுள்ள ஹப்பைச் சரியான நிலையில் நிறுத்தும் சாவித்துண்டு கிடையாது. கழற்றுமுன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் திரும்ப மாட்டும்போது திண்டாட வேண்டும். கூலண்ட் முதலில் ஹெட்டுக்கும் பிறகு பிளாக்குக்கும் போகும் எஞ்சின் இது. வேலை முடிந்ததும் தெர்மோஸ்டாட் கூட்டிலுள்ள பிளீடர் திருகைத் திறந்து காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்டில் சூடு ஏறும். 1995 முதல் காற்றோட்டம் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் வந்தது. அதற்கு முந்தையவற்றைவிட அது நெடுநாள் தாங்கும்.

1998-இல் எல்எஸ்1 வந்ததும் இந்தத் தொல்லை முழுவதும் ஒழிந்தது. அலுமினிய பிளாக், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில், 305 எச்.பி. என்று விளம்பரம். கார்வெட்டில் இதே குடும்பத்து எஞ்சினுக்கு 345 என்று எழுதினார்கள். இரண்டுக்கும் உண்மையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. ஆறு கியர் டி-56 மேனுவலும் திடமானது. செலவழிக்கும் பணத்துக்கு எல்லாத் தலைமுறைகளிலும் சிறந்தது 1998 முதல் 2002 வரை வந்த இந்த இசட்28தான்.

ஆனால் அதன் கிரௌன் 7.625 அங்குலம். 1969-இன் இசட்/28-க்கு 8.875 அங்குலம் கொடுத்த கம்பெனி, அதைவிட அதிக டார்க் தரும் எஞ்சினுக்கு இதைக் கொடுத்தது. ஒட்டும் டயர் போட்டு கிளட்சைச் சட்டென்று விட்டால் கிரௌன் பல் போகும். எடுக்குமுன் மூடியைக் கழற்றி ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு, மின்னும் துகள்கள் இயல்பல்ல. ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும் ஊளையிட்டால், கிரௌனைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் பேரிங் தேய்ந்திருக்கிறது. பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் 12 போல்ட் அல்லது ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலுக்குப் பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் டக்டக் சத்தம் கேட்டு, சூடானதும் மறைந்தால் பயப்பட வேண்டாம். பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகள் முன்கண்ணாடிக்கடியில் ஒளிந்திருப்பதால் பலர் மாற்றாமலே விட்டிருப்பார்கள்.

ஏழு மாடல் வருட இடைவெளிக்குப் பிறகு 2010 மாடலாக ஐந்தாவது தலைமுறை. ஆஸ்திரேலிய ஹோல்டனின் ஸீட்டா தளம், கடைசியில் சுயேச்சைப் பின் சஸ்பென்ஷன். எஸ்எஸ் வாங்கினால் மேனுவலையே எடுங்கள். அதன் 426 எச்.பி. எல்எஸ்3 எஞ்சினில், பெட்ரோல் மிச்சப்படுத்தச் சில சிலிண்டர்களை அணைக்கும் அமைப்பு இல்லை. ஆட்டோமேட்டிக்கின் எல்99 எஞ்சினில் அது உண்டு, அதன் லிஃப்டர்கள் சிக்கிக்கொள்ளும் வியாதியும் உண்டு. ஐடிலில் சீரான டிக்டிக் சத்தம் அறிகுறி. தொடக்க வருடங்களின் வி6-இல் டைமிங் செயின் நீளும், ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். 2012-இன் 580 எச்.பி. இசட்எல்1-இல் சக்கரம் குதிப்பதை அடக்க, பின் ஷாஃப்டுகளில் ஒன்றைத் திடமாகவும் மற்றதைத் தடித்த குழாயாகவும் செய்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முறுக்கி விடுபடாமலிருந்தால் குதிப்பு எழாது. 1968-இல் ஷாக் அப்சார்பர்களை முன்னும் பின்னும் மாற்றி வைத்ததற்கும் அதே நோக்கம்தான். இந்தத் தலைமுறையின் குறை எடையும் குறுகிய கண்ணாடிகளும்.

ஆறாவது, 2016 முதல் 2024 வரை, மிச்சிகனின் லான்சிங்கில் தயாரானது. ஆல்ஃபா தளத்தால் 90 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது, 455 எச்.பி. தரும், பழைய பெயரையே சூட்டிய புதிய எல்டி1 எஞ்சின் வந்தது. சுற்றிலும் பார்வை இன்னும் மோசம், டிக்கி வாய் சின்னது. 2019-க்கு முன்னைய எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கை மணிக்கு 40 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய ஆக்சிலரேட்டரில் ஓட்டிப் பாருங்கள். வரிவரியான சாலையில் போவதுபோல் அதிர்ந்தால் டார்க் கன்வர்ட்டர் நடுக்கம். செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம் பின்னர் குறிப்பிட்ட புதிய ஆயிலைக் கொண்டு முழுதாக ஃப்ளஷ் செய்தால் பெரும்பாலும் தீரும், அதைச் செய்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். பந்தயத் தடத்துக்கான எஸ்எஸ் 1எல்இ மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது மேனுவலில் மட்டுமே வந்தது. மின்னணு டிஃபரன்ஷியல், காந்த ஷாக் அப்சார்பர், முன்னால் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக் என்று எஞ்சினும் பின்பக்கமும் முழுதாகச் சமமான கமாரோ இது. வாங்கும்போது டயரின் உள்விளிம்பையும் பிரேக் டிஸ்க்கின் விளிம்பு உதட்டையும் விரலால் தடவிப் பாருங்கள், முன்சொந்தக்காரர் தடத்தில் எவ்வளவு ஓட்டினார் என்று அங்கே தெரிந்துவிடும்.