விரலுக்கேற்பத் திருத்தக்கூடிய தொடுதிரை: கேலக்ஸி கைபேசியின் அமைப்புகள் குறித்து ஒரு மதிப்புரை

சாம்சங் கேலக்ஸி கைபேசிகளின் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி (உடல் சிரமம் உள்ளவர்களும் எளிதாகப் பயன்படுத்த உதவும் வசதிகள்) என்ற பகுதிக்குள் 'இன்ட்ராக்‌ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டி' என்றொரு பக்கம் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதியைப் பலரும் அறிந்திருக்கிறார்கள். கைகளுக்கென்றே அமைந்த இந்தப் பக்கத்தைக் கைபேசி விற்கும் கடைகளில்கூட அரிதாகவே திறந்து காட்டுகிறார்கள். என் உறவினர் மூவரின் கைபேசிகளில் இதைத் திருத்திக் கொடுத்து, அவர்கள் அன்றாடம் பயன்படுத்துவதை அருகிலிருந்து கவனித்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எழுத்தின் அளவையும் பொத்தானின் அளவையும் மாற்றுவதைவிட, விரல் திரையில் தங்கும் நேரத்தைக் கைபேசி எப்படிக் கணக்கிடுகிறது என்பதை மாற்றுவதே பெரும்பாலோருக்குக் கைகொடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தொடுதிரை நம் விரலின் எண்ணத்தை அறியாது. நேரத்தை மட்டுமே அறியும். ஏறத்தாழ அரை நொடிக்குள் விரலை எடுத்துவிட்டால் அது தட்டல். அதற்கு மேல் வைத்திருந்தால் அழுத்திப் பிடித்தல். அடுத்தடுத்து இரு முறை பட்டால் இரட்டைத் தட்டல். நலமான கைக்கு இந்தக் கணக்கு பொருந்திவிடுவதால் அப்படியொரு கணக்கு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

மதுரை செல்லூரில் இருக்கும் பெரியப்பாவுக்கு, எதையாவது எட்டித் தொடும்போது அதிகமாகும் கைநடுக்கம் உண்டு. எண் பலகையில் அவர் ஒன்பதைத் தொட்டால் இரண்டு ஒன்பது விழும். "நான் ஒருக்காத்தான்ப்பா தொட்டேன், அதுவா ரெண்டு போட்டுக்கிருது" என்பார். தொலைபேசி எண் தவறினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். யுபிஐ பின் எண்ணோ, புள்ளிகளாக மறைந்து நிற்பதால் எங்கே பிழை நேர்ந்தது என்றே தெரியாது, திரும்பத் திரும்பத் தவறினால் பணம் அனுப்பும் வசதியும் முடங்கிவிடும். 'இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்' என்ற அமைப்பு, குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுபடியும் படும் தொடுதலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இதை எடுத்த எடுப்பில் ஒரு நொடிக்குக் கொண்டுபோய்விடக் கூடாது; அப்படிச் செய்தால், வேண்டுமென்றே தட்டிய அடுத்த எண்ணும் விழாமல் போகும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி, பயன்படுத்துபவரையே எண்களைத் தட்டச் சொல்லி, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே சரி. இதனோடு, விரல் எவ்வளவு நேரம் பட்டிருந்தால் தட்டலாகக் கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் 'டேப் டியூரேஷன்' என்ற அமைப்பையும் சற்று உயர்த்தினால், நடுக்கத்தில் வழியில் உரசிய இடங்களெல்லாம் தட்டலாகப் பதிவாவது நின்றுவிடுகிறது. பெரியப்பா இப்போது நிதானமாகத் தட்டுகிறார். பின் எண்ணைப் போடுவதற்குப் பக்கத்தில் ஆள் தேட வேண்டியிருப்பதில்லை. தன் பின் எண்ணைப் பிறரிடம் சொல்லாமல் இருக்க முடிவது எளிய விஷயம் அல்ல.

மதுரையை அடுத்த திருமங்கலத்தில் இருக்கும் அத்தைக்கு முடக்குவாதம். அவருக்கு நேர்வது வேறு: விரலை வைக்க முடிகிறது, விரைந்து எடுக்க முடிவதில்லை. ஒரு செயலியைத் திறக்கத் தொட்டால், அதை நீக்கவா நகர்த்தவா என்று கேட்கும் பட்டியல் விரிகிறது. எவ்வளவு நேரம் வைத்திருந்தால் அழுத்திப் பிடித்தல் ஆகும் என்பதைத் தீர்மானிக்கும் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே'யை நீண்ட அளவுக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் முடக்குவாதத்தில் விறைப்பு காலையில்தான் மிகுதி என்பதை இதைத் திருத்திக் கொடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மாலையில் விரல்கள் தளர்ந்திருக்கும்போது பார்த்து வைத்த அளவு, விடிந்ததும் பொருந்தாமல் போகும். காலையில் எழுந்ததும் உட்கார்ந்து திருத்துங்கள். மதுரையில் 1976ஆம் ஆண்டு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, அவற்றுக்கேற்ற கருவிகளைக் கொண்டு கண் அறுவை செய்தவர். அவர் வாழ்ந்த ஊரில், அத்தையின் விரலுக்கேற்ப ஒரு கைபேசியைத் திருத்த முடியும் என்பதை விற்பவரே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இருக்கிறது.

ஒரு கையை மட்டுமே பயன்படுத்தக்கூடிய என் சித்தப்பா மகனுக்கு 'அசிஸ்டன்ட் மெனு' போதுமாக இருந்தது. பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திச் செய்ய வேண்டியவற்றைத் திரையில் மிதக்கும் ஒற்றைப் பொத்தானுக்குள் அது கொண்டுவந்துவிடுகிறது. வரும் அழைப்பைத் திரையில் இழுத்து எடுப்பதற்குப் பதிலாக, ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தி எடுக்கும் வசதியும் அவருக்குப் பயன்படுகிறது.

நடுக்கம் உள்ளவர்களுக்கு ஐபோன் ஒரு படி மேலே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் 'டச் அக்காமடேஷன்ஸ்' பகுதியில், விரல் முதலில் பட்ட இடத்தை எடுத்துக்கொள்வதா, விரலை எடுத்த இடத்தை எடுத்துக்கொள்வதா என்று தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், விரலை எங்கோ ஓரிடத்தில் ஊன்றி, வேண்டிய பொத்தான்வரை நகர்த்திச் சென்று, அங்கே எடுத்தால் போதும். விரல்களால் தொடவே இயலாதவர்களுக்கு ஆண்ட்ராய்டில் 'ஸ்விட்ச் ஆக்சஸ்' இருக்கிறது. வெளியே இணைக்கும் பொத்தானாலோ, முன்பக்கக் கேமரா அறியும் புன்னகை, புருவ உயர்த்தல் போன்ற முகக் குறிப்புகளாலோ கைபேசியை இயக்கலாம். அதைப் பழக நாளும் பொறுமையும் வேண்டும் என்பதால், தனியாக எழுத வேண்டிய பொருள் அது.

இந்த அமைப்புகளால் தீர்க்க முடியாதவையும் உண்டு. தொடுதிரை தோலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டே தொடுதலை உணர்கிறது. ஆண்டுக்கணக்கில் தறியில் உழைத்துக் காய்த்துப்போன, வறண்ட விரல் நுனியை அது சரியாக உணர்வதில்லை. டிஸ்ப்ளே பகுதியில் உள்ள, திரையின் உணர்திறனைக் கூட்டும் 'டச் சென்சிடிவிட்டி' ஓரளவு உதவும். தடித்த டெம்பர்டு கிளாஸைக் கழற்றிப் பார்ப்பதும் பயன் தரும். இன்னொன்று, செயலிகள் தாமாக வைத்திருக்கும் கெடு. செய்திகள் திரையில் நிற்கும் நேரத்தை இரண்டு நிமிடம்வரை நீட்டிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் இருந்தாலும், எல்லாச் செயலிகளும் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு வங்கிச் செயலி, அத்தை பாதி எண்ணைத் தட்டும்போதே நேரம் முடிந்ததென்று வெளியே தள்ளிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தும் இருக்கிறது. கைபேசி செய்து தரும் ஏற்பாட்டைச் செயலி கெடுப்பதை இனியும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. செயலியை வெளியிட்ட வங்கிக்கு எழுத்து மூலமாகவே புகார் அனுப்புங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், பயன்படுத்தப்போகிறவரையே மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைக்கு அழைத்துச் சென்று, வாங்க நினைக்கும் அதே மாடலில் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லி, அவர் விரலாலேயே பத்து இலக்க எண் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆண்ட்ராய்டிலேயே நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த அமைப்புகள் வேறுபடுகின்றன; அழுத்திப் பிடிக்கும் நேரத்தை மாற்றும் வசதி பரவலாக இருக்கிறது, மறுதொடுதலைத் தவிர்க்கும் வசதி அப்படியில்லை.