260 ரூபாய் சிட்ரிக் ஆசிட்: காபி மெஷின் பாய்லர் உப்புக்கு வேலை செய்யுதா?

கோவை ரங்கே கவுடர் வீதி மளிகைக் கடையில் வாங்கியது. பிராண்ட் பெயர் எதுவும் இல்லாத வெள்ளைக் குருணை, ஒரு கிலோ. "லெமன் சால்ட்டுங்களா? ஜாம் போடறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். காபி மெஷின் கழுவ என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்.

மெஷின் ரேன்சிலியோ சில்வியா என்ற எஸ்பிரசோ மெஷின். உள்ளே 300 மில்லி பித்தளை பாய்லர். வடவள்ளியில் இருந்த ஆறு வருஷமும் சிறுவாணித் தண்ணீரிலேயே ஓடிய மெஷின். உப்பு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. காளப்பட்டிப் பக்கம் ஃபிளாட்டுக்கு வந்ததும் போர் தண்ணீர். ஆர்.ஓ.வில் பிடித்து ஊற்றச் சோம்பல்பட்டு நேராகக் குழாயில் பிடித்தேன். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்க்கத் தோன்றியபோது காலம் கடந்துவிட்டது: 1,100. ஒரு வருஷம் தாண்டியதும் பால் பாதி சூடாவதற்குள் ஸ்டீம் அடங்கிவிடும். காபித்தூள் மேல் வெந்நீர் விடும் குரூப் ஹெட்டில் தண்ணீர் நூல் மாதிரி இறங்கும்.

பார்க்க வந்த சர்வீஸ் தம்பி, "பாய்லரோட மாத்தீரலாங்ணா" என்றார். பதினெட்டாயிரம். முடியாது என்றதும், பாத்ரூம் ஆசிட் ஊற்றிப் பார்க்கலாம் என்றார். அது ஹைட்ரோகுளோரிக், உப்போடு பித்தளையையும் அரிக்கும். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முதல் முறை நான் சொதப்பினேன். ஆசிட் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்று லிட்டருக்கு 100 கிராம் கரைத்து, பாய்லரையும் நன்றாகச் சூடேற்றிவிட்டேன். வெளியே வந்தது கோலமாவு கலக்கியது மாதிரி வெள்ளை. உப்பு கரைந்து வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். விஷயம் வேறு: கொதிசூட்டில் சிட்ரிக் ஆசிட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து கால்சியம் சிட்ரேட்டாகப் படிந்துவிடும். அது தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு படிவை எடுக்கப் போய் இன்னொன்றை நானே பூசியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு லிட்டருக்கு 25 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர். ஸ்டீம் குழாய் வழியாக வரும்வரை பம்ப் செய்து, ஸ்விட்சை அணைத்து 20 நிமிஷம், பிறகு வடித்துவிட்டு மறுபடி. நாலு தடவை செய்தும் ஸ்டீம் பழையபடி வரவில்லை. வேறு வழியில்லாமல் போல்ட்டைக் கழற்றித் திறந்தேன். ஹீட்டர் சுருளைச் சுற்றி சுவரில் பெயர்கிற சுண்ணாம்பு மாதிரி இரண்டு மில்லிமீட்டர் அடை. மின் இணைப்பு நனையாமல் சுருளை மட்டும் எவர்சில்வர் குண்டாவில் அதே கரைசலில் முக்கினேன். பொடிப்பொடியாக நுரைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முட்டை ஓடு உரிவது போலச் சில்லுச் சில்லாகக் கழன்றது. சுரண்டவே இல்லை. பாய்லர் கிண்ணத்தை ஊறப்போட்டு மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது தண்ணீரில் இளநீலம். பித்தளையில் இருக்கும் செம்பு கரைய ஆரம்பித்ததன் அடையாளம். ராத்திரி முழுக்க ஊறவிடுகிறவர்கள் யோசிக்கவும். அலுமினிய பாய்லர் என்றால் மெஷின் புத்தகத்தைப் பார்க்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

கழன்ற ஒரு சில்லு சோலனாய்டு வால்வில் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) போய் அடைத்து அரை நாளைத் தின்றது தனிக் கதை. கேஸ்கெட் புதிதாகப் போட்டு, நாக்கில் புளிப்பு தெரியாத வரை அலசினேன். இப்போது ஸ்டீம் சீறுகிறது.

ஆசிட்டைப் பற்றி இரண்டு புகார். பாக்கெட்டைச் சரியாகக் கட்டாமல் வைத்தால் ஐப்பசி மழையில் கல்லாக இறுகிவிடுகிறது. உடைக்க அம்மிக்குழவி வேண்டும். இன்னொன்று, மேடை கடப்பாக் கல். அதுவும் சுண்ணாம்புக் கல்தானே, சிந்திய இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. எண்ணெய் தடவி மறைத்திருக்கிறேன். வீட்டம்மா இன்னும் கவனிக்கவில்லை.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பாக்கி முக்கால் கிலோ இருக்கிறது. மாடி வீட்டு அக்கா கெட்டிலுக்குக் கேட்டார்கள். ஒரு டம்ளர் கொடுத்து, கொதிக்க மட்டும் வைக்காதீங்கக்கா என்று சொல்லி அனுப்பினேன்.